கூட்ட அறை ஒலியமைப்பு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் அலுவலகக் கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மற்ற மூன்றும் ஆரம்பத்தில் வெறும் சுவர். அங்குள்ள ஒலியமைப்பைப் பராமரிப்பது சில வருடங்களாக என் தலையில்தான். இந்தக் காலத்தில் மைக்கை இரண்டு முறை மாற்றிவிட்டோம். ஆனால் பேச்சு தெளிவானது மைக்கால் அல்ல, கூரையால்.

அறைக்குள் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. இரண்டு காதும் மூளையும் சேர்ந்து எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆன்லைன் கூட்டத்தில் ஒரே மைக் வழியாகக் கேட்கும் மறுமுனைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. நாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும். அதனால் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து ஒருவரைக் கேட்கச் சொல்லித்தான் முடிவெடுப்பேன்.

கணக்கு எளிது. ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் கண்டறிந்த சூத்திரப்படி, அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்ற பிறகு அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம், வரும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் அது அரை விநாடிக்குள் அடங்க, சுமார் 29 சதுர மீட்டர் உறிஞ்சல், அதாவது ஒலியை முழுதாக விழுங்கும் அவ்வளவு பரப்பு, தேவை. கூரைப் பரப்பே 30 சதுர மீட்டர். நல்ல ஒலி உறிஞ்சும் கூரைப் பலகை போட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மீதிக்குக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் 50 மி.மீ. தடிமனுள்ள பேனல்கள் மாட்டினோம். மெல்லிய திரைச்சீலையை நம்ப வேண்டாம். உச்ச அலைவரிசைகளைக் கொஞ்சம் தின்னும், ஆண்குரலின் அடித்தொனியைத் தொடவே தொடாது.

மைக் விஷயத்தில் தூரம்தான் ராஜா. தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் முழக்கம் அப்படியே இருக்கும். முதலில் இருந்த மேசை மைக்குகள் குரலை அருகிலிருந்து பிடித்தன, கூடவே பேனா தட்டுவதையும் லேப்டாப் விசிறியையும் பிடித்தன. இப்போதுள்ள கூரை மைக் வரிசை மேசையைச் சுத்தமாக விட்டுவைக்கிறது; ஆனால் ஏ.சி. காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் சிக்கல்தான். தனித்தனி மைக்குகள் என்றால், பேசுபவரின் மைக்கை மட்டும் தானாகத் திறக்கும் ஆட்டோ மிக்சர் கட்டாயம். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் ஏறும்.

தினசரித் தலைவலி வேறு. மறுமுனைக் குரல் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் புகுந்து திரும்பிப் போகாமல் தடுக்கும் எதிரொலி நீக்கிக்கு, ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்ற சிக்னல் போயாக வேண்டும். யாராவது தன் லேப்டாப்பிலும் அதே கூட்டத்தில் சேர்ந்து மைக்கைத் திறந்துவிட்டால், அந்த ஒலிக்கும் நீக்கிக்கும் சம்பந்தமே இல்லை. உடனே ஊளை கிளம்பும். மேசையில் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

வருடங்கள் போகப்போகப் பழுதானவை: மியூட் பொத்தான், மேசைக்கு அடியில் காலில் மிதிபடும் கேபிள்கள். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு மைக் அளவுகள் சத்தமில்லாமல் மாறியதும் உண்டு, ஆகவே அமைப்புகளைத் தனியாகச் சேமித்து வைப்பது நல்லது. பேனல்களுக்குத் தூசி தட்டுவது தவிர வேறு வேலை இல்லை.

இன்னும் தீராதது ஏ.சி. இரைச்சல். மெதுவாகப் பேசுபவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் வார்த்தையின் இறுதி மெய்கள் அதில் கரைந்துவிடுகின்றன. இரைச்சல் நீக்கும் மென்பொருளை இறுக்கினால் குரலே தகரமாகிறது. எனவே முக்கியமான கூட்டம் என்றால் விசிறி வேகத்தைக் குறைத்துவிட்டு, மெதுவாகப் பேசுபவரை நடுவில் உட்கார வைக்கிறோம்.