ஆட்டோகேட் அப்கிரேடு என்று 42,000 ரூபாய் போனது: சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோயம்புத்தூரில் ஷீட் மெட்டல் வேலைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. நான், என் தம்பி, வேலைக்கு ஒரு பையன், மூன்று கம்ப்யூட்டர், அவ்வளவுதான். டிராயிங் போடும் சாஃப்ட்வேரான ஆட்டோகேட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போய் 42,000 ரூபாய் போய்விட்டது. பணம் மட்டும் போகவில்லை, அதைக் கீழே சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கம்ப்யூட்டர் விற்பது, சர்வீஸ் செய்வது, கூடவே சாஃப்ட்வேர் லைசன்சும் வாங்கித் தருவது என்று எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரிக் கடை.

எங்களிடம் இருந்தது ஆட்டோகேட் 2014. ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசன்ஸ் கிடைத்த காலத்தில் வாங்கியது. 2016-க்குப் பிறகு அப்படி விற்பது நின்றுபோய் சந்தா முறை மட்டும்தான் என்று ஆனதால், இருப்பதைப் பத்திரமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தொந்தரவு. ஆட்டோகேட்டில் டிராயிங்கைச் சேமிக்கும் டி.டபிள்யூ.ஜி ஃபைலின் ஃபார்மட் 2018 பதிப்பில் மாறியது. பம்ப் கம்பெனிகளிலிருந்து வரும் டிராயிங் எல்லாம் இப்போது அந்த ஃபார்மட்டில்தான் வருகிறது, அது 2014-ல் திறக்காது. ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் போன் போட்டு, பழைய ஃபார்மட்டில் சேவ் செய்து அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும். அதனால்தான் மாறலாமா என்று யோசித்தோம்.

அந்தக் கடைக்காரரை எங்களுக்குப் பல வருஷமாகத் தெரியும். பிரின்டர், யூ.பி.எஸ் எல்லாம் அவரிடம் வாங்கியதுதான். போய் விஷயத்தைச் சொன்னதும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். லேயர், எக்ஸ்ரெஃப் என்று டிராயிங் போடுகிறவர்களின் பாஷையிலேயே பேசினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கிராக் வெர்ஷனை நாங்க தொடுறதே இல்லீங்க சார். நாளைக்கு உங்க மேல கேஸ் வந்தா யாரு பதில் சொல்றது? ஒரிஜினல் மட்டும்தானுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம் என்று அவரே சொல்லும்போது வேறென்ன நினைப்பது?

விலை ஒரு கம்ப்யூட்டருக்கு 14,000, மூன்று வருஷத்துக்கு. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்றார். புது ஃபைலை இலவசமாகப் பழைய ஃபார்மட்டுக்கு மாற்ற வழி உண்டா என்றும் நேராகவே கேட்டேன். "அதுல போட்டா டைமென்ஷன் எல்லாம் கலைஞ்சிடுங்க சார்" என்றார். இது பச்சைப் பொய். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

42,000 ரூபாயை முன்பணமாகவே அனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் இரண்டு பையன்கள் வந்தார்கள். புதிய பதிப்பு விண்டோஸ் 7-ல் ஓடாது, சி டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 7-ல் ஓடாது என்பது உண்மைதான். பேக்கப் எடுத்தாகிவிட்டதா என்று தம்பி கேட்டதற்கு, எல்லாம் எடுத்தாச்சுங்க என்றான் ஒரு பையன். எடுத்தது டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும். தம்பி வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த லிஸ்ப் ஃபைல்கள் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் குட்டி புரோகிராம்கள்), டிராயிங்கைப் பிரின்ட் எடுக்கும்போது கோடுகளின் தடிமன், நிறத்தை முடிவு செய்யும் சி.டி.பி ஃபைல்கள், டிராயிங்கின் ஓரத்தில் பெயர் விவரம் போடும் டைட்டில் பிளாக் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் சி டிரைவில்தான் இருந்தன. வளைக்கும் தகட்டுக்கு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று ஒரே கமாண்டில் கணக்குப் போடும் லிஸ்ப் அதில் ஒன்று. எல்லாம் போயிற்று. பழைய 2014-ஐயும் திரும்பப் போட மாட்டோம் என்றார்கள், இரண்டும் இருந்தால் ஒன்றோடொன்று மோதுமாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த வாரமே பிரச்சினை ஆரம்பித்தது. தம்பி திறந்தால் என்னுடையது நிற்கும், நான் திறந்தால் எங்கள் ஆபீஸ் பையனுடையது நிற்கும். மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது ஒரு ஆளுக்கான கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் இமெயிலே இல்லை, ஏதோ ஒரு கல்லூரி முகவரி. கல்விப் பயன்பாட்டுக்கான லைசன்ஸ் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது! அது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது, தொழிலுக்குப் பயன்படுத்தவே கூடாதது. இலவசப் பொருளுக்கு 42,000 ரூபாய். கேஸ் வரும் என்று என்னை எச்சரித்த அதே ஆள் என்னை அதில் மாட்டிவிட்டிருக்கிறார்.

போன் போட்டேன். முதலில் "சர்வர் அப்டேட் நடக்குதுங்க, நாளைக்குச் சரியாயிடும்" என்றார். பிறகு டெக்னிக்கல் டீமிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு டீம் சென்னையில் இருக்கிறது என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால் கடைப்பையன், அண்ணன் வெளியில போயிருக்காருங்க என்கிறான். அண்ணனின் வண்டி வாசலில் நிற்கிறது. இதற்கிடையே அந்தக் கணக்கு முழுதாகவே முடங்கிப்போனது. சாஃப்ட்வேர் திறப்பதே இல்லை.

கடைசியில் பிடித்து வைத்துக் கேட்டபோது பில்லை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பில்லில் லைசன்ஸ் என்ற வார்த்தையே கிடையாது. "சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் சார்ஜ்" என்று இருந்தது. "நாங்க இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துட்டோமுங்க, அதுக்கு வாங்கின காசுங்க இது." 42,000 ரூபாய் இன்ஸ்டால் செய்யக் கூலியாம்! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். தொழிலுக்கு வாங்கினதெல்லாம் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் முழு உண்மை இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

புதுப் பதிப்புக்கு மாறலாமா வேண்டாமா என்று விவரமாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. தம்பி ராத்திரியில் நண்பரின் ஆபீஸுக்குப் போய் வேலையை முடித்துக் கொண்டுவருகிறான், நான் 2014-ஐத் திரும்ப ஆக்டிவேட் செய்ய மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புது ஃபைல் திறக்கவில்லை என்பது மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் பணத்தை எடுக்காதீர்கள். டி.டபிள்யூ.ஜி ட்ரூவியூ என்ற சாஃப்ட்வேரை ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. 2018 ஃபார்மட் ஃபைலை 2013 ஃபார்மட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடும், அதை 2014 திறக்கும். நாங்கள் இப்போது மாற்றிப் பார்த்த எந்த டிராயிங்கிலும் டைமென்ஷன் கலையவில்லை. லேசர் கட்டிங்குக்கு அனுப்பும் டி.எக்ஸ்.எஃப் (வேறு சாஃப்ட்வேர்களும் படிக்கிற மாதிரியான டிராயிங் ஃபைல்) எப்படியும் பழைய ஃபார்மட்டில்தான் போகிறது, அதற்குப் புதுப் பதிப்பு எதற்கு?

மாறித்தான் ஆக வேண்டும் என்றால், விற்கிறவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கம்பெனியின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். லைசன்ஸ் உங்கள் இமெயிலில், உங்கள் கணக்கில் வர வேண்டும். பணம் கட்டும் முன்பே பில்லில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேளுங்கள். லிஸ்ப், சி.டி.பி, டெம்ப்ளேட் எல்லாவற்றையும் நீங்களே உங்கள் கையால் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கோவையில் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.