உப்புக் காற்றில் மூடி போட்ட பிளக்: வாங்கலாமா?

கிணற்றடியிலோ பின் விறாந்தையிலோ வொஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பாத்ரூமுக்குள் பூட்ட நினைப்பவர்கள் காசை வீணாக்க வேண்டாம்.

நான் வாங்கியது ஐபி66 என்று போட்ட, சுவிட்சோடு சேர்ந்த 13 ஆம்பியர் சதுர முள் பிளக் பெட்டி. ஐபி என்பது தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற எண். முதல் 6 தூசுக்கு, இரண்டாவது 6 பலமாகப் பீய்ச்சுகிற தண்ணீருக்கு. பக்கத்திலேயே ஐபி44 மலிவாகக் கிடந்தது, ஆனால் அது தெறிக்கிற தண்ணீருக்குத்தான் சரி. திருகோணமலைக் கடலோரத்தில், எங்கள் உப்புவெளியில் மார்கழி மழை காற்றோடு சாய்ந்து அடிக்கிற அடிக்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, மூடியைச் சாத்தினால்தான் இந்த 66 எல்லாம். போன் சார்ஜரைக் குத்திவிட்டு மூடியை ஆவென்று திறந்து வைத்தால் அதுவும் சாதாரண பிளக்தான்.

முன்பு அதே சுவரில் இருந்த திறந்த பிளக்கின் பித்தளை பச்சைக் களிம்பேறிப் போயிருந்தது. இதில் உள்ளே இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. ரப்பர் வளையமும் இறுக்கமாக உட்காருகிறது. கூட வந்த ஸ்க்ரூதான் மோசம், துருப்பிடித்துச் சுவரில் கோடு கோடாக வடிகிறது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தனியாக வாங்கிப் போடுங்கள். வயரைக் கீழ்ப்பக்கத்தால் ஏற்றச் சொல்லுங்கள், மேலிருந்து இறக்கினால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும்.

பாத்ரூமுக்கு ஏன் வேண்டாம் என்றால், ஈரக் கையோடு மூடியைத் திறக்கப்போவது நாங்கள்தானே. இந்த 13 ஆம்பியர் பிளக்கைத் தந்த பிரித்தானியாவின் வயரிங் விதியே குளிக்கும் பகுதியின் எல்லையிலிருந்து 2.5 மீற்றருக்குள் சாதாரண பிளக் கூடாது என்கிறது. எங்கள் பாத்ரூமே அவ்வளவு நீளம் இருக்காது!

அப்புறம், பெட்டி தண்ணீரைத்தான் தடுக்கும், கரண்ட் கசிந்தால் நிறுத்துவது ட்ரிப் சுவிட்ச். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் 100 இருக்கும், அது ஆளைக் காப்பாற்றப் போதாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் பிளக் வாங்குவதை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், மூடியின் கொளுவிக்காக. வெயிலில் வெளிறி விறைத்துவிட்டது, தனியாகக் கிடைக்குமா என்று கேட்டால் "முழுப் பெட்டியையும் மாத்துங்கோ அக்கா" என்கிறார் கடைக்காரர்.