மூன்றாவது மழைக்காலத்திலும் வேர்க்கும் டெயில் லேம்ப்

நேற்றுக் காலை வில்லிவாக்கத்தில் மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. காரை எடுக்கப் போனால் இடது பக்க டெயில் லேம்ப்புக்குள் மறுபடியும் ஆவி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளருக்கு வெளியே முத்து முத்தாகப் படியுமே, அது இங்கே உள்பக்கம் படிந்திருந்தது. இண்டிகேட்டர் இருக்கிற மேல் மூலையில் ஆரம்பித்து பாதிச் சிவப்பு வரை இறங்கியிருந்தது. வலது பக்கம் இருப்பது வண்டியோடு வந்த விளக்கு. பதினோரு வருஷம் ஆகிறது. அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப். "மச்சான், பின்னாடி ஆட்டோ இடிச்சு லைட்டு போச்சு. நீ வீட்லயே மாத்துனியே, எப்படி இருக்கு? வெளி பீஸ் வாங்கலாமா?" வெளி பீஸ் என்றால் வண்டி கம்பெனியுடையது இல்லாத, வெளியார் செய்கிற உதிரிபாகம். இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில் இல்லை. அதனால் நடந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

2023 ஆகஸ்டில் எங்கள் குடியிருப்பில் யாரோ பைக்கைத் திருப்பும்போது ஹேண்டில்பார் முனை என் வண்டியின் இடது விளக்கில் இறங்கிவிட்டது. பின்பக்க விளக்கின் மூடி பெரும்பாலும் அக்ரிலிக். முன்விளக்கில் வருகிற பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், ஆனால் வெயிலில் மஞ்சளாகிப்போகும். அக்ரிலிக் வெயிலைத் தாங்கும், அடிபட்டால் உடைந்துவிடும். என்னுடையதும் நாலு துண்டாகக் கீழே கிடந்தது.

சர்வீஸ் சென்டரில் விளக்குக்கு 3,400 ரூபாய், கூலி 900 என்றார்கள். பம்பரை இறக்கணும், காலையில் விட்டுவிட்டு சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். என் வண்டியில் டெயில் லேம்ப்பை மாற்ற பம்பரில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. நானே கழற்றிப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவெடுத்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

அப்புறம் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் தேடியிருந்தால் கழற்றிய கம்பெனி பீஸ் ஒன்று கிடைத்திருக்கலாம். அதற்கு ஒரு நாள் அலைய வேண்டும், எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. ஜி.பி. ரோட்டில் புத்தம்புது வெளி பீஸ் 1,250 ரூபாய். உடைந்த விளக்கைக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பல்பு ஹோல்டர் துளையின் இடம் மாறியிருக்கிறது, கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது பொருந்தாது. இரண்டாவதாக எடுத்ததை என் பழசோடு முதுகுக்கு முதுகு வைத்துப் பார்த்தேன். எல்லாத் துளையும் ஒத்துப்போனது. பல்பு, ஹோல்டர், வயர் எதுவும் அதோடு வராது, பழசிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றுகிற வேலை, உண்மையைச் சொன்னால், சந்தோஷமான வேலை. டிக்கியைத் திறந்தால் ரப்பர் பீடிங்குக்குப் பக்கத்திலேயே இரண்டு போல்ட். 10 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன்னால் கீழே இருக்கிற இடுக்கில் ஒரு பழைய துணியை அடைத்துவிடு. நான் அடைக்கவில்லை, இரண்டாவது போல்ட் உள்ளே விழுந்து, காந்தம் கட்டிய குச்சியால் இருபது நிமிஷம் துழாவினேன். போல்ட் கழன்றதும் விளக்கு கையோடு வராது. வெளிப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள் பாடியில் இருக்கிற புஷ்ஷுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பக்கவாட்டில் நெம்பினால் குமிழ் ஒடியும், பெயின்ட்டும் போகும். இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, வண்டிக்கு நேர் பின்னால் இழுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு செய்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருக்கும். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டு விளக்கு கையில் வந்தபோது, பம்பரை இறக்கணும் என்று சொன்ன அந்த ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் பல்போடு வெளியே வரும். பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்து ஒரே பல்புதான். உள்ளே இரண்டு இழை, 21 வாட் ஒன்று, 5 வாட் ஒன்று. பக்கவாட்டில் இருக்கிற இரண்டு முளையும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போகக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். போகவில்லையென்றால் அமுக்காமல் திருப்பிப் போடு. எல்இடி பல்பு போடலாமா என்று அடுத்ததாகக் கேட்பாய், தெரியும். விளக்கே எல்இடிக்காக வடிவமைத்ததாக இருந்தால் அருமையான விஷயம். இழை பல்பு சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 விநாடி எடுக்கும், எல்இடி உடனே எரியும். மணிக்கு 80 கிலோமீட்டரில் பின்னால் வருகிறவனுக்கு அது நாலு மீட்டருக்கு மேல். ஆனால் இழைக்காக வளைத்த ரிஃப்ளெக்டருக்குள் கண்ட எல்இடியைச் செருகினால் வெளிச்சம் பரவ வேண்டிய மாதிரி பரவாது, இண்டிகேட்டரில் போட்டால் அதுவும் படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் பழைய பல்பையே போட்டேன்.

புது விளக்கு உட்கார்ந்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மகளை உட்காரவைத்துப் பின்னால் நின்று பார்த்தேன். எரிந்தது, ஆனால் மங்கல். கூடவே அதே பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிந்தது. விளக்குதான் மோசம் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்கக் கழற்ற ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எதிர் வீட்டு மாமா வந்தார். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, லைட்ட விடுங்க. எர்த்த பாருங்க" என்றார். எர்த் என்றால் பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு. வீட்டுக்குப் போய் வோல்ட் அளக்கிற மீட்டரை எடுத்து வந்தார். ஒரு முனையை ஹோல்டரின் எர்த் வயரில் குத்தினார், மறுமுனையை டிக்கியின் உள்ளே பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்தார், மகள் பிரேக்கை மிதித்தாள். 1.4 வோல்ட். "ஒண்ணுமே காட்டக்கூடாது. இவ்வளவும் வழியிலயே போகுது" என்றார். எர்த்துக்குப் போக வழியில்லாத கரண்ட், மற்ற பல்பின் இழை வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். இண்டிகேட்டர் தானாக எரிந்தது அதனால்தான்.

டிக்கியின் உள்பக்க அட்டையை ஒதுக்கினால் மூலையில் எர்த் போல்ட். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு, கீழே துரு. இந்த வண்டி முதல் ஆறு வருஷம் திருவான்மியூரில், கடல் காற்றில் நின்றது. உப்புத்தாள் போட்டு உலோகம் வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். மறுபடி மீட்டரை வைத்தார். 0.05. மகள் பிரேக்கை மிதித்தாள். எதிர்ச் சுவர் முழுக்கச் சிவப்பு.

இத்தனை வருஷமாக ஜிஎஸ்டி சாலையில், ராத்திரி மழையில், லாரிகளுக்கு முன்னால் அந்த மங்கல் பிரேக் லைட்டோடு ஓட்டியிருக்கிறேன். குடும்பத்தை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் 'விளக்குகள் சரிபார்க்கப்பட்டன' என்று டிக் அடித்திருக்கிறது. விளக்கு உடைந்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இந்த ஒன்றுக்காகவே நீ உன் கையால் கழற்ற வேண்டும் என்று சொல்வேன்.

சரி, இப்போது அந்த ஆவி.

மாட்டி இரண்டு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஐப்பசி மழை ஆரம்பித்த முதல் வாரத்தில் வேர்த்தது. லேசான ஆவி தப்பில்லை. டெயில் லேம்ப் மூச்சு விடுகிற சாமான்தான். பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து வெளியே போகும், அணைந்து மழையில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். விளக்கை எரியவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறைகிற ஆவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் தேங்கினால்தான் கோளாறு. என்னுடையது அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காலையில் வருகிறது, மத்தியானம் வெயில் அடித்தால் போகிறது, மறுநாள் வருகிறது. மிக்ஜாம் புயல் சமயம், 2023 டிசம்பரில், ஒரு வாரம் போகவே இல்லை. அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

பழைய விளக்கின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். காற்றுத் துளைக்கு மேல் வளைந்து போகிற ஒரு சின்னக் குழாய், அதன் வாயில் ஒரு பஞ்சு. காற்று போகும், தெறிக்கிற தண்ணீர் ஏறாது. புதுசில் அதே இடத்தில் வெறும் துளை. அச்சு ஒன்றுதான், அந்த ஐந்து ரூபாய்ச் சாமானை மட்டும் விட்டுவிட்டார்கள். இதைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதலில் அந்தத் துளையை டேப் போட்டு அடைத்தேன். நிலைமை மோசமானது. மூச்சு விட வழியில்லாத விளக்கு, ஹோல்டர் ரப்பர் வழியாக ஈரத்தை இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் கழற்றி, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன். மூடி ஒட்டுகிற விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது மேல் மூலையில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒட்டு சரியாகப் பிடிக்காதது தெரிந்தது, ஒரு முடி அளவு கோடு. அதற்கு சிலிகான் போட்டேன். இதில் ஒன்று கவனி. வினிகர் வாடை அடிக்கிற சாதாரண சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், உலோகத்துக்கு ஆகாது, உள்ளே இருப்பது மெல்லிய உலோகப் பூச்சு. நியூட்ரல் கியூர் என்று கேட்டு வாங்கினேன். தேங்குவது நின்றது. ஆவி நிற்கவில்லை. பழைய விளக்கின் குழாயை அறுத்து இதில் ஒட்டிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

விளக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் நிறம் மங்கவில்லை. இடைவெளி பாடியோடு சீராக இருக்கிறது. பின்னால் இருக்கிற ஃபோம் கேஸ்கெட் பழசைவிடத் தடிமன். முன்பெல்லாம் மழைக்குப் பிறகு ஸ்டெப்னி கிடக்கிற குழியில் தண்ணீர் நிற்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருந்தேன். இதை மாட்டிய பிறகு ஒரு சொட்டு இல்லை. தெருக்கோடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன், சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திருப்பி அடிக்கிறது. ஒரு நாள்கூட விளக்கு எரியாமல் போனதில்லை. கொடுத்த 1,250 ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறது.

இருந்தும், நண்பா, வெளி பீஸ் வாங்காதே. என்னால் அதை வாங்கு என்று சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியோடு வண்டிக்குப் பின்னால் குனிகிற ஆளாக அது என்னை ஆக்கிவிட்டது. போன மாதம் பல்புக்குப் பின்னால் இருக்கிற உள் ரிஃப்ளெக்டரின் கீழ் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது, பூச்சு போக ஆரம்பித்துவிட்டது. அடுத்த மழைக்கு அது பெரிதாகும். கம்பெனி பீஸையே வாங்கு. இல்லையென்றால் புதுப்பேட்டையில் ஒரு நாள் செலவழி, முதுகில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கு. ஆனால் மாட்டுவதை மட்டும் எவனிடமும் கொடுக்காதே. எர்த்தைத் தேய்க்காமல் மூடாதே.

நான் நேற்று மத்தியானமே உதிரிபாகக் கடையில் இடது பக்கத்துக்குக் கம்பெனி விளக்கு சொல்லி, 500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உன் வண்டியையும் கொண்டுவா. மீட்டரை மாமாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், பழைய துணியும் எடுத்து வைத்திருக்கிறேன்.