ஏழு ஆண்டுகளாக ட்ரெக்கிங் போல்: வெள்ளியங்கிரி முதல் கேதார்காந்தா வரை

2018-ஆம் ஆண்டு வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்கிய மறுநாள், வீட்டு மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பிக்கொண்டுதான் என்னால் இறங்க முடிந்தது. ஏறும்போது மூச்சு வாங்கியதைத் தவிர வேறு தொல்லை இருக்கவில்லை. முழங்கால்களைப் பதம் பார்த்தது இறக்கம்தான். அந்த மாதமே முதல் ஜோடி ட்ரெக்கிங் போல்களை, அதாவது மலை நடைக்கான ஊன்றுகோல்களை, வாங்கினேன். இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது ஜோடி. இந்த ஏழு ஆண்டுகளில் கருவியைப் பற்றிக் கற்றதைவிட, அதைப் பிடிக்கும் கையைப் பற்றிக் கற்றதே அதிகம்.

முதல் ஜோடி முறுக்குப் பூட்டு வகையைச் சேர்ந்தது. அதாவது, ஒன்றினுள் ஒன்று நுழையும் மூன்று அலுமினியக் குழாய்களைத் திருகினால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டு விரிந்து குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். கடையில் சோதித்தபோது உறுதியாகவே இருந்தது. ஆனால் வெள்ளியங்கிரிக்குப் பக்தர்கள் செல்லும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் பாதை முழுவதும் புழுதியாக இருக்கும். அந்தப் புழுதியும் கை வியர்வையும் குழாய்க்குள் இறங்கிவிட்டால் பிடிப்பு குறைந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டு, முதல் மலையின் உயரமான கற்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எடையை ஊன்றிய நொடியில் இடக்கைக் கோலின் அடிப்பகுதி சட்டென்று உள்ளே போய்விட்டது. முழங்கை சிராய்ந்ததோடு தப்பித்தேன். அதன்பின் வாங்கிய ஜோடியில் வெளிப்புறம் நெம்பிப் பூட்டும் பிடிகள் உள்ளன. பூட்டு தளர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரிகிறது. அதன் பக்கத்திலுள்ள சிறு திருகைக் கால் சுற்று இறுக்கினால் சரியாகிவிடுகிறது. ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் கோலைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நீளத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் விதி சரியானதுதான்: சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், ஏற்றத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், இறக்கத்தில் அதே அளவு கூட்ட வேண்டும். நான்கு மணி நேரம் ஏறி, பிறகு மூன்று மணி நேரம் இறங்கும் பாதைகளில் அது பொருந்தும். நம்முடைய மலைகளிலோ பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஏற்றமும் இறக்கமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்த என்னை, மலையடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை ஊன்றி வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, குச்சிய எதுக்கு மாத்தீட்டே இருக்கறீங்க? கைய எறக்கிப் புடிச்சாப் போதுமுங்களே” என்றார். அவருடைய தடியில் பூட்டும் இல்லை, பிடியும் இல்லை. ஏறும்போது கை கீழே இறங்கியது. இறங்கும்போது தடியின் உச்சிக்கு ஏறியது.

அன்றிலிருந்து நானும் கோலைச் சமதள அளவிலேயே விட்டுவிடுகிறேன். ஏற்றத்தில் பிடிக்குக் கீழே நீளும் நுரைப் பகுதியைப் பற்றிக்கொள்கிறேன். இறக்கத்தில் உள்ளங்கையைப் பிடியின் உச்சியில் குமிழ்போலக் கவிழ்த்து வைக்கிறேன். இதனால் ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் வரை நீளத்தை மாற்றிய பயன் நிற்காமலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் சரிவாக இருக்கும் பாதையில் குறுக்காக நடக்கும்போதும் இதுவே வழி: மேட்டுப் பக்கக் கை நுரையில் இருக்கும், பள்ளத்துப் பக்கக் கை உச்சியில் இருக்கும். ஆகவே புதிதாக வாங்குகிறவர் எடையைப் பார்ப்பதற்கு முன் இந்த நுரைப் பகுதி எவ்வளவு நீளம் என்று பார்ப்பது நல்லது. விலை மலிந்த பல கோல்களில் அது இருப்பதே இல்லை.

ஊன்றும் இடத்திலும் நான் முதலில் தவறியிருந்தேன். ஏறும்போது கோலை முன்னால் எட்டிக் குத்தி உடலை இழுத்துக்கொண்டிருந்தேன்; மாலைக்குள் தோள்கள் கெஞ்சத் தொடங்கிவிடும். பாதத்திற்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ ஊன்றிக் கீழ்நோக்கித் தள்ளினால் அந்தச் சோர்வு வருவதில்லை. முழங்கால் உயரமுள்ள படியாக இருந்தால் மட்டும் இரு கோல்களையும் சேர்த்து மேற்படியில் ஊன்றி எழலாம். இறக்கத்தில் இதற்கு நேர்மாறு: கால் தரையைத் தொடுவதற்கு முன்பே கோல் தொட்டிருக்க வேண்டும், முழங்கையும் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கோல் அரை நொடி பிந்தினாலும் அதிர்ச்சி முழுவதையும் முழங்கால் வாங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஊன்றுவது வெறும் சடங்கு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு ஆண்களை 25 பாகைச் சரிவில் கோலோடும் கோல் இல்லாமலும் இறங்கச் செய்து அளந்தபோது, முழங்கால் மூட்டின் மீதான சுமை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைந்திருந்தது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் என் மாடிப்படி அந்த முடிவை ஒப்புக்கொள்கிறது.

பிடியிலிருந்து தொங்கும் கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பட்டையையும் பிடியையும் சேர்த்துப் பற்ற வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்படிப் பிடித்தால் எடை மணிக்கட்டின் வழியே பட்டையில் இறங்குகிறது. விரல்களை இறுக்க வேண்டிய தேவை இருப்பதில்லை. ஆனால் பாறைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் நான் பட்டையைக் கழற்றிவிடுவேன். சதுரகிரியில், தாணிப்பாறையிலிருந்து போகும் வழியில் ஒருமுறை கோலின் முனை இரு பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. நடந்த வேகத்தில் உடல் முன்னே போக, பட்டைக்குள் இருந்த கை பின்னாலேயே நின்றுவிட்டது. தோள்வலி மூன்று வாரம் நீடித்தது. கோலின் அடிக்குழாயும் சற்று வளைந்துபோனது. கார்பன் இழைக் கோலாக இருந்திருந்தால் முறிந்திருக்கலாம். கார்பன் எடை குறைவு என்பது உண்மைதான்; ஆனால் அது வளைந்து எச்சரிக்காமல் ஒடிகிற பொருள் என்பதால், பாறைகள் மிகுந்த நம் மலைகளுக்கு அலுமினியத்தையே நான் விரும்புகிறேன்.

அதே சதுரகிரி வழியில் ஓடைகளைக் கடக்கும்போதுதான் இரண்டு கோல்களின் அருமை தெரிகிறது. நீர் வரும் திசையை நோக்கிச் சற்றே திரும்பி நின்று, இரு கால்களும் ஒரு கோலும் தரையில் நிலைத்திருக்கும்போது மற்ற கோலை மட்டும் நகர்த்த வேண்டும். அது ஊன்றிய பிறகே கால் நகர வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் கைப்பட்டைகளையும் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். கணுக்கால் அளவு நீரில் இவ்வளவு ஏற்பாடு மிகையாகத் தோன்றலாம். முழங்கால் அளவில் யாருக்கும் அப்படித் தோன்றாது. அதற்கு மேல் நீர் ஓடினால், எத்தனை கோல் இருந்தாலும் நான் திரும்பிவிடுவேன்.

முனையைப் பொறுத்தவரை எல்லா நிலத்திற்கும் ஒன்றே பொருந்துவதில்லை. மிகக் கடினமான பொருளான டங்ஸ்டன் கார்பைடு முனை மண்ணிலும் சரளையிலும் பாறைப் பிளவிலும் நன்றாகப் பிடிக்கிறது. வெள்ளியங்கிரியின் வழுக்குப் பாறை போன்ற வழவழப்பான காய்ந்த பாறையில் ரப்பர் உறை மேல். சேற்றில் அதே உறை வழுக்குவதோடு உருவிக்கொண்டு போயும்விடும். இதுவரை எத்தனை உறைகளைத் தொலைத்தேன் என்பதற்குக் கணக்கு இல்லை. பாசி படர்ந்த ஈரப்பாறையில் இரண்டுமே உதவாது. அங்கே கோலை நம்புவது அது இல்லாமல் நடப்பதைவிட ஆபத்தானது. ஏனெனில் எடையைக் கொடுத்த பிறகுதான் அது வழுக்கும்.

பனியில் பயன்படுத்தியது ஒரே ஒருமுறை, உத்தராகண்டில் 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தாவில். அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து கிளம்பிய முதல் நாளே, முனைக்குச் சற்று மேலே பொருத்தும் சிறிய வட்டத் தட்டுகளோடு ஊன்றிய கோல், புதுப்பனியில் பாதிக்கும் மேல் புதைந்தது. வழிகாட்டி அகலமான தட்டுகளைக் கொடுத்து மாற்றச் செய்த பிறகே அதனால் பயன் கிடைத்தது.

கோலை ஒதுக்கிவைக்க வேண்டிய இடங்களும் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் பாறையில் அறைந்த இரும்புக் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பற்றி ஏறும் பகுதியில் இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் தொங்கும் கோல் காலுக்கிடையில் மாட்டும்; பின்னால் வருகிறவர் முகத்திலும் இடிக்கும். அதற்கு முன்பே மடக்கிப் பையின் பக்கவாட்டில், முனை கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவிட வேண்டும். இரவில் ஏறுகிறவர்களுக்கு நெற்றி விளக்கு கட்டாயம். கைவிளக்கையும் இரு கோல்களையும் ஒருசேரப் பிடிக்க முயன்று, இறுதியில் மூன்றையும் கீழே போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். முதல் ஆண்டில் நானும் அவர்களுள் ஒருவன்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவிர்க்க முடியாதது. ஊர் திரும்பியதும் மூன்று குழாய்களையும் தனித்தனியே பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துகிறேன். ஒருமுறை மழையில் நனைந்த கோலை அப்படியே மடக்கி இரண்டு மாதம் பரணில் போட்டுவிட்டதால், உள்ளே வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்துக் குழாய்கள் ஒட்டிக்கொண்டன. இணைப்பில் எண்ணெய் விடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடக்கூடாது, உராய்வில்தான் அந்தப் பூட்டே நிற்கிறது.

வளைந்த அடிக்குழாயை மட்டும் தனியாக வாங்க முயன்றபோது, விற்ற கடையில் உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. மற்றொரு நண்பரின் உடைந்த கோலில் இருந்து எடுத்துப் பொருத்திய குழாயோடுதான் இரண்டு ஆண்டுகளாக நடக்கிறேன். வலது கோல் கறுப்பு, இடது கோலின் கால் மட்டும் சிவப்பு. வரும் பிப்ரவரிக்குள் முனைகளை மாற்றியாக வேண்டும். கார்பைடு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.