பேடக் கிளப் மாடத்திலிருந்து சிங்கப்பூர் இரவுப் பந்தயம்

2025 அக்டோபர் 3 முதல் 5 வரை நடந்த சிங்கப்பூர் கிராண்ட் ப்ரீ என்ற ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை, பேடக் கிளப் எனப்படும் உயர்விலை விருந்தோம்பல் தொகுப்பில் மனைவியுடன் சென்று பார்த்தேன். அந்தத் தொகுப்புக்கு ஒருவர் கொடுக்கும் தொகையில், சென்னையிலிருந்து நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று விமானத்தில் வந்து, சாதாரணச் சீட்டில் பந்தயம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம். ஆகவே, ‘நன்றாக இருந்தது’ என்ற ஒற்றை வரியோடு இந்த மதிப்புரையை முடிப்பது நியாயமாகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொகுப்பு நமக்கு விற்பது, கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட் லேனை, பந்தயத்தை அல்ல. பந்தயக் குழுக்கள் வேலை செய்யும் விதத்தை அருகிலிருந்து பார்க்க ஆசைப்படுபவருக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஒரு கார் இன்னொரு காரை முந்துவதைக் கண்ணால் காண விரும்புபவர், இதில் சிறு பகுதியைச் செலவிட்டு வேறு இடத்தில் உட்காரலாம்.

மரினா பே பந்தயப் பாதை 2008இல் ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்திய இடம். நகரத்துச் சாலைகளையே மின்விளக்கு வெளிச்சத்தில் பந்தயப் பாதையாக்கும் ஏற்பாடு என்பதால், நிரந்தரமாக நிற்பது பிட் கட்டடம் மட்டும்தான். மூன்று தளங்கள் கொண்ட அந்த நீளமான கட்டடத்தின் தரைத்தளத்தில் குழுக்களின் கேரேஜ்கள் வரிசையாக அமைந்திருக்க, அவற்றின் தலைக்கு மேலே பேடக் கிளப் கூடங்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாடத்துக்கு வந்தால் கீழே பிட் லேன், அதை அடுத்து நேர்ப்பாதை, அதற்கும் அப்பால் எதிர்வரிசைப் பார்வையாளர் மேடை. கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான். இப்போது ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் நீளமும் 19 திருப்பங்களும் உள்ள இந்தப் பாதையில், மாடத்தின் நடுப்பகுதியில் நிற்பவருக்கு ஒரு திருப்பம்கூட முழுமையாகத் தெரியாது. கார்கள் ஒரு பக்கத்திலிருந்து தோன்றும் நொடியிலேயே மறைந்துவிடும். அடுத்த ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நாம் பார்ப்பது திரையைத்தான்.

இது எவ்வளவு பெரிய குறை என்பது ஞாயிறு இரவு முதல் சுற்றிலேயே தெரிந்தது. மாலையில் பெய்த மழையின் ஈரம் பாதையில் அங்கங்கே மிச்சமிருந்த நிலையில் கார்கள் புறப்பட்டன. மூன்றாம் திருப்பத்தில் மெக்லாரன் ஓட்டுநர் லாண்டோ நோரிஸ், தன் சொந்தக் குழுவின் ஆஸ்கர் பியாஸ்ட்ரியின் காரோடு உரசி முன்னேறினார். அந்த மாலையில் நிகழ்ந்த மிகப் பரபரப்பான சம்பவம் அதுதான். மூன்றாம் திருப்பத்து மேடையில் இருந்தவர்கள் அதை நேரில் பார்த்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு பணம் கொடுத்த நாங்கள், கையில் பழச்சாற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பைப் பார்த்தோம்.

பிட் லேனைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். வெள்ளிக்கிழமை இரவு இரண்டாம் பயிற்சிச் சுற்று, ஓட்டுநர்கள் ரஸ்ஸலும் லாசனும் சுவரில் மோதியதால் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடிகளில் சிக்கிச் சிதறியது. இழந்த நேரத்தை ஈடுகட்டக் கார்கள் ஒரே சமயத்தில் வெளியே விரைந்தபோது, ஃபெராரி குழு சார்ல் லெக்லேரை அவசரப்பட்டு விடுவிக்க, அவர் கார் நோரிஸின் காரை இடித்து பிட் சுவரோடு தள்ளியது. முன் இறக்கை சேதமடைந்த காரை மெக்லாரன் குழுவினர் மீண்டும் கேரேஜுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஃபெராரிக்குப் பத்தாயிரம் யூரோ அபராதம் விழுந்தது. கேரேஜ்கள் முந்தைய ஆண்டுத் தரவரிசைப்படி அமைவதால், 2024இல் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்ற இந்த இரு குழுக்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த மோதலின் சத்தமும், அதைத் தொடர்ந்து இரு கேரேஜ்களிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்த வேகமும், சக்கரத்தருகே குனிந்தவர் நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கியதும் மாடத்திலிருந்து அப்படியே தெரிந்தன. தொலைக்காட்சி இதில் பத்து நொடியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

தொகுப்பின் உண்மையான மதிப்பு, பிட் லேனில் நடந்து செல்ல நாள்தோறும் தரப்படும் நேரத்தில் இருக்கிறது. கார்கள் ஓடாத வேளையில் விருந்தினர்களைக் கீழே இறக்கி, கேரேஜ் வாசல்களில் கட்டிய பட்டையின் ஓரமாக நடக்க விடுகிறார்கள். பெரும்பாலானோர் ஃபெராரி வாசலில் முண்டியடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், வரிசையின் பின்பாதியில் இருக்கும் சிறிய குழுக்களின் வாசலில் இடம் தாராளமாகக் கிடைக்கும். நான் என் நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் செலவிட்டேன். டயர் மாற்றும் குழுவினர் ஒத்திகை பார்ப்பதை நாலைந்து அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். கார் வந்து நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் கோடிட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் அந்தக் கோட்டைச் சுற்றி ஒட்டியிருந்த ரப்பர்த் துணுக்குகளை விளக்குமாற்றால் பெருக்கி, பிறகு மண்டியிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நான்கு பேர் காரைத் தள்ளிக்கொண்டு வர, காரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக்கிக்காரர் அது தன் முழங்காலில் மோதிவிடும் தொலைவு வரை அசையாமல் நின்றார். தலைக்கு மேலிருந்து தொங்கும் குழாயோடு இணைந்த காற்றுத் துப்பாக்கி கழற்றும்போது ஒரு சுருதியிலும் பூட்டும்போது வேறு சுருதியிலும் அலறுகிறது. ஒத்திகையை மூன்றாம் முறை கேட்கும்போது, எந்தச் சக்கரத்தில் அரை நொடி தாமதம் என்பது காதுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு சக்கரத்துக்கு மூவர், முன்னும் பின்னும் ஜாக்கி, பிடித்துக்கொள்ள ஆட்கள் என்று ஏறத்தாழ இருபது பேர் இரண்டு நொடி வேலைக்காக வேர்த்து விறுவிறுக்க நிற்பதை நேரில் கண்ட பிறகு, ஞாயிறன்று பியாஸ்ட்ரியின் டயர் மாற்றம் இழுத்துப்போனபோது அந்தத் தாமதம் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

வெக்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்ப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஃபார்முலா ஒன்னில் முதன்முறையாக ‘வெப்ப அபாயம்’ அறிவிக்கப்பட்ட பந்தயம் இதுதான். வெப்பக் குறியீடு 31 பாகைக்கு மேல் போகும் என்று கணிக்கப்பட்டால் குழுக்கள் ஓட்டுநர்களுக்குக் குளிரூட்டும் கருவியைக் காரில் பொருத்தியாக வேண்டும், குளிர் உள்ளாடையை அணிவதா என்பது 2025இல் ஓட்டுநரின் விருப்பமாக இருந்தது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் பந்தயம் என்பதால் குளுகுளுவென்று இருக்கும் என யாரும் எண்ண வேண்டாம். திறந்த மேடையில் மூன்று மணிநேரம் உட்கார்ந்தால் சட்டையைப் பிழியலாம். குளிரூட்டிய கூடத்துக்குள் நினைத்தபோதெல்லாம் திரும்ப முடிவதும், சுத்தமான கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டாததும் வயதானவர்களுக்கு ஆடம்பரமல்ல. என்னைவிட என் மனைவி இந்தத் தொகுப்பை மெச்சியதற்கு இதுவே காரணம்.

இறுதிக்கட்டத்தில் மாடம் தன் விலையை ஓரளவு மீட்டுக்கொடுத்தது. ஜார்ஜ் ரஸ்ஸல் முதலிடத்திலிருந்து புறப்பட்டு எவர் கைக்கும் எட்டாமல் வென்றார். அவருக்குப் பின்னால் வெர்ஸ்டாப்பனும் நோரிஸும் வந்தார்கள். விபத்து நேர்ந்தால் கார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் விடப்படும் சேஃப்டி கார் ஒரு முறைகூட வராத பந்தயம் அது. சுவாரசியம் பின்னால் இருந்தது. கடைசிச் சுற்றுகளில் பிரேக் செயலிழந்த ஹாமில்டனின் கார் தள்ளாடித் தள்ளாடி வர, அவருக்கும் அலோன்சோவுக்கும் இருந்த பெரிய இடைவெளி, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கண்கூடாகச் சுருங்கியது. முடிவுக்கோட்டில் இருவருக்கும் இடையே அரை நொடிகூட இல்லை. ஹாமில்டனுக்குப் பிறகு விதிக்கப்பட்ட ஐந்து நொடி தண்டனையால் ஏழாம் இடம் அலோன்சோவுக்குப் போனது வேறு விஷயம். அன்றே குழுக்களுக்கான சாம்பியன் பட்டத்தை மெக்லாரன் உறுதிசெய்துகொண்டதால், எங்கள் காலடியிலேயே கொண்டாட்டம் நடந்தது.

உணவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் உணவுக்காக இந்தத் தொகுப்பை யாரும் வாங்க வேண்டியதில்லை. பிராமினாட் நிலையத்தில் எம்ஆர்டி இரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. நல்ல சாப்பாட்டுக்கு அதுவே போதும்.

என் மனக்குறை முழுவதும் எங்களுக்குத் தொகுப்பை விற்ற முகவர் மீதுதான். விடுதி, கார், நுழைவட்டை எல்லாவற்றையும் சேர்த்து விற்ற அந்த நிறுவனம், நாங்கள் சைவம் என்று எழுத்தில் தெரிவித்ததைக் கூடத்துக்குச் சொல்லவே இல்லை. முதல் மாலை பரிமாறுபவர்கள்தான் பரிதாபப்பட்டுச் சமையலறையில் பேசி ஏற்பாடு செய்தார்கள். ‘பேடக்கில் ஓட்டுநர்களோடு உலாவலாம்’ என்று அவர்கள் விளம்பரத்தாளில் போட்டிருந்ததும் திரித்த உண்மை. பெயரில் பேடக் இருந்தாலும், கட்டடத்தின் பின்புறம் குழுக்கள் தங்கும் பேடக்குக்கு வேறு அனுமதி வேண்டும். கிளப் அட்டைக்காரருக்கு அங்கே கிடைப்பது வழிகாட்டியோடு சிறு கூட்டமாகச் சுற்றி வரும் வாய்ப்பு மட்டுமே. கூடுதல் கட்டணம் வாங்கிய கார் வசதியோ இன்னும் வீண். ராஃபிள்ஸ் புலவார், எஸ்பிளனேட் டிரைவ், செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு எல்லாம் அந்த வார இறுதியில் பந்தயப் பாதைக்குள் அடங்கிவிடுவதால், எந்தக் காரும் அடைபட்ட சாலைகளைச் சுற்றிக்கொண்டுதான் வர முடியும். இரயிலில் போனவர்கள் விடுதியில் குளித்து முடித்திருப்பார்கள், நாங்கள் காரில் இன்னும் சிக்னலுக்குக் காத்திருந்தோம்.

கிளப் அட்டை பந்தயத் திடலின் நான்கு மண்டலங்களையும் திறந்துவிடுகிறது என்பது பலர் பயன்படுத்தாத வசதி. பாடாங் மைதானத்து மேடையில் அந்த ஆண்டு எல்டன் ஜானும் ஃபூ ஃபைட்டர்ஸும் பாடினார்கள். பிட் கட்டடத்திலிருந்து அங்கே போகக் கூட்டத்தில் அரைமணி நேரம் நடக்க வேண்டியிருந்தாலும், வழியில் ஆண்டர்சன் பாலத்தருகே கார்கள் சுவரை உரசுவதுபோல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நம் நரேன் கார்த்திகேயன் 2012இல் ஹெச்ஆர்டி குழுவின் காரைச் சுவரில் மோதியது விரிகுடாப் பார்வையாளர் மேடைக்கு அடியில் சென்ற பதினெட்டாம் திருப்பத்தில். அந்தப் பகுதியை 2023இல் பாதையிலிருந்தே வெட்டிவிட்டார்கள் என்பதால், தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். என் யோசனை, பயிற்சிச் சுற்றுகளில் ஒன்றையாவது கூடத்தை விட்டு வெளியேறி இப்படித் திருப்பங்களின் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே.

2026 பந்தயத்துக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு சிங்கப்பூர் முதன்முறையாக ஸ்பிரின்ட் எனப்படும் குறுகிய பந்தயத்தையும் சேர்த்து நடத்துகிறது. தேதி அக்டோபர் 9 முதல் 11 வரை. மூன்று பயிற்சிச் சுற்றுகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கும்; வெள்ளியன்றே ஸ்பிரின்டில் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றும், சனியன்று ஸ்பிரின்டும் பிரதானத் தகுதிச் சுற்றும் வந்துவிடும். மேடையில் உட்காருபவர்களுக்கு இது கொண்டாட்டம், ஏனெனில் மூன்று நாளும் ஏதாவதொரு போட்டி உண்டு. கேரேஜ் வேலையைப் பார்க்கப் பணம் கட்டுபவருக்கோ, குழுக்கள் நிதானமாக ஒத்திகை பார்க்கும் வேளை குறையக்கூடும். ஆகவே பிட் லேன் நடை எந்த நாளில், எந்த மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள். அவர் சொல்லத் தயங்கினால், அதே பணத்தில் மூன்றாம் திருப்பத்து மேடைக்கு மூன்று சீட்டும் வசதியான விடுதியும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.