மெமரி இருந்தும் 'அவுட் ஆஃப் மெமரி': விண்டோஸ் ஃபார்ம்ஸில் படம் ஏற்றும் அனுபவம்

அடையாள அட்டை அச்சடிக்கும் மென்பொருள் ஒன்றை விபி டாட் நெட் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற திரை அமைக்கும் வசதியை வைத்து எழுதி, பல வருஷமாகப் பராமரிக்கிறேன். டேட்டாபேஸ், பிரிண்டர் எதுவும் பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. வாடிக்கையாளர்களைப் போன் அடிக்க வைப்பது ஒரே வரிதான்: ஃபைலிலிருந்து படத்தை ஏற்றும் இமேஜ்.ஃப்ரம்ஃபைல்.

தம்மாத்துண்டு போட்டோவைத் திறந்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று வரும். ஒரு வாடிக்கையாளர் அதை நம்பிக் கூடுதல் ராம் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். உண்மையில் மெமரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபைல் தனக்குப் புரியாத வடிவத்தில் இருந்தாலும், விண்டோஸில் படங்களைக் கையாளும் ஜிடிஐ பிளஸ் இந்தப் பிழையைத்தான் தரும். மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அதே ஃபைலைப் பைட்டுகளாக, ஃப்ரம்ஸ்ட்ரீம் வழியாகக் கொடுத்தால் 'பாராமீட்டர் இஸ் நாட் வேலிட்' என்று வேறு பாட்டு. பழைய விபி6-ன் லோட்பிக்சர் பிஎன்ஜியைக்கூடத் திறக்காது, ஆனால் '481, இன்வேலிட் பிக்சர்' என்று நேர்மையாகச் சொல்லும்.

பெரும்பாலும் காரணம், பெயரில் ஜேபெக், உள்ளே வெப்பி என்ற வேறு பட வடிவம். இல்லையென்றால் ஐபோனின் ஹெய்க் வடிவம். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அதுவும் சேர்ந்துகொண்டது. "டபுள் கிளிக் பண்ணா திறக்குதே சார்" என்பார்கள். திறக்கும்தான், போட்டோஸ் செயலிக்கு அது தெரியும். அதனால் இப்போது எக்ஸ்டென்ஷனைப் பார்ப்பதே இல்லை, முதல் 12 பைட்டைப் படிக்கிறேன். 255, 216 என்று தொடங்கினால் ஜேபெக். 137, 80, 78, 71 என்றால் பிஎன்ஜி. ஒன்பதாவது பைட்டிலிருந்து 'WEBP' என்ற நான்கு ஆங்கில எழுத்து இருந்தால், "இது வெப்பி படம், ஜேபெக்காக மாற்றித் தாருங்கள்" என்று தமிழிலேயே செய்தி. இதைச் சேர்த்த பிறகு அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்த தலைவலி பூட்டு. ஃப்ரம்ஃபைலில் திறந்த படத்தை டிஸ்போஸ் செய்யும்வரை, அதாவது விடுவிக்கும்வரை, ஃபைல் அதன் பிடியிலேயே இருக்கும். வெட்டித் திருத்தி அதே பெயரில் சேமித்தால் 'ஜெனரிக் எர்ரர்'. என்ன எர்ரர் என்று கடவுளுக்கே வெளிச்சம். பைட்டுகளை மொத்தமாகப் படித்து, மெமரிஸ்ட்ரீமில் திறந்து, புது பிட்மேப்பாக நகலெடுத்தால் பூட்டு கிடையாது. கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் எக்ஸிஃப் தகவல் நகலில் வராது என்பதால், படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் 274 என்ற டேகை முன்பே படித்துக்கொள்ள வேண்டும். அதன் மதிப்பு 6 என்றால் படத்தை வலப்பக்கம் 90 டிகிரி திருப்பணும், இல்லாவிட்டால் அட்டையில் ஆள் படுத்துக் கிடப்பார்.

நெட்வொர்க் ஃபோல்டரில் உள்ள படங்களுக்கு திரையில் படம் காட்டும் பிக்சர்பாக்ஸின் லோட்அசிங்க் வசதியானது, பின்னணியிலேயே படத்தை ஏற்றிவிடும். ஆனால் படம் வராவிட்டால் அந்தப் பிழை, நிரலில் பிழைகளைப் பிடிக்கும் டிரை-கேட்சில் சிக்காது. லோட்கம்ப்ளீட்டட் நிகழ்வில் வரும் எர்ரரைப் பார்த்தால்தான் தெரியும்.