வார்ப்பு ரெசினா, பிரிண்ட் ரெசினா? விண்கல மாடல் கட்டுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இரண்டையும் ரெசின் கிட் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் சிலிக்கோன் மோல்டில் பாலியூரித்தேனை ஊற்றி வார்த்த கிட்டும், 3டி பிரிண்டரில் 405 நானோமீட்டர் ஒளி பட்டு அடுக்கடுக்காக இறுகிய பிரிண்ட் கிட்டும் வேறு வேறு பொருள்கள். குறைகள் வேறு, கழுவும் முறை வேறு, ஒடியும் விதமும் வேறு. சுமார் 30 செ.மீ. நீளக் கலத்தை மனதில் வைத்தே கீழே பேசுவோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீண்ட, தட்டையான, பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடம்போலக் கீறிய மெல்லிய பள்ளங்கள்) நிறைந்த உடற்பகுதி என்றால் வார்ப்பு கிட்தான் நல்லது. உள்ளே எல்இடி விளக்கு வைக்கும் திட்டம் இருந்தால் பிரிண்ட் கிட் எடுங்கள்.

வார்ப்பு கிட்டில் பார்க்க வேண்டியவை

கோவை பவுண்டரிகளில் இரும்பு வார்ப்பைப் பார்த்தவர்களுக்கு இங்கே எதுவும் புதிதாக இருக்காது. ஊற்றுவாய்க் கட்டை, மோல்டின் இரு பாதிகள் சேரும் கோடு (பார்ட்டிங் லைன்), மோல்டு நகர்ந்ததால் வரும் படி, காற்றுக்குமிழி ஓட்டை எல்லாம் இதிலும் உண்டு. பெட்டி வந்ததும் உடற்பகுதியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பின்பக்கம் டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடம்தான் வளைந்த இடம். மோல்டு நகர்ந்த படி அரை மில்லிமீட்டர் வரை இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் விற்றவரிடம் மாற்றுத் துண்டு கேளுங்கள். அவ்வளவு தேய்த்தால் பேனல் கோடுகளும் சேர்ந்து போய்விடும். இன்னொருவர் கிட்டை மோல்டு எடுத்து ஊற்றும் கள்ள நகல்களில் இந்தப் படியும் குமிழியும் அதிகம். நகல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்குவதால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை. மூலத்தைச் செய்தவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. அதை வாங்காதீர்கள்.

வளைந்த இறக்கையை 60 முதல் 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் காட்டினால் நிற்கும். ஆனால் அது நிரந்தரம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மூடிய காருக்குள்ளோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையிலோ வைத்த நீண்ட இறக்கை மறுபடி தொங்கும். 10 செ.மீ.க்கு மேல் நீளமான மெல்லிய இறக்கைக்கு அடிப்பக்கம் பள்ளம் கீறி, 1 மி.மீ. எஃகுக் கம்பியைப் பதித்து ஒட்டிவிடுவதே உறுதியான வழி.

கழுவுவதை யாரும் தவிர்க்கக் கூடாது. மோல்டிலிருந்து எளிதாகப் பிரிய அடித்த ரிலீஸ் ஸ்பிரே துண்டின் மேல் படலமாக இருக்கும். அதன் மேல் அடித்த பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் போர்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் பேனல் கோடுகளுக்குள் வெள்ளைப் படிவம் நிற்கும், பிரைமருக்குப் பிறகு அது சொரசொரப்பாகத் தெரியும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் எடுக்காதீர்கள். அதன் பஞ்சு ஒவ்வொரு மூலையிலும் ஒட்டிக்கொள்ளும்.

பிரிண்ட் கிட்டில் பார்க்க வேண்டியவை

இங்கே ரிலீஸ் படலம் இல்லை. அதற்குப் பதில் இறுகாத ரெசின் இருக்கிறது, ஆபத்து அதில்தான் அதிகம். உள்ளீடற்ற உடற்பகுதிக்குள் சிக்கிய திரவ ரெசின் வாரங்கள், மாதங்கள் கழித்தும் சுவரில் விரிசல் விழ வைக்கும். பெயின்ட் முடிந்த கலத்தில் ஒட்டும் திரவம் கசிந்து நிற்பது இதனால்தான். பிரிண்ட் போடக் கொடுக்கும்போதே சுவர் 2 முதல் 2.5 மி.மீ., வடிகால் ஓட்டை குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்குக் குறையாமல் என்று சொல்லுங்கள். வந்ததும் சிரிஞ்சால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உள்ளே பீய்ச்சி, குலுக்கிக் கொட்டுங்கள். வெளியே வருவது தெளிவாகும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் சிறிய யூவி எல்இடியை ஓட்டை வழியே இறக்கி உள்சுவரை இறுக வையுங்கள். கையில் நைட்ரைல் கையுறை இருக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எளிதில் போகாது. கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைத்து, அடியில் படியும் ரெசினை வடிகட்டி எடுங்கள்.

வெளிப்பக்கத்தை வெயிலில் இறுக வைப்பவர்கள் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. வெயில் பட்ட பக்கம் முதலில் இறுகிச் சுருங்கி, துண்டு வளையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புரட்டுங்கள். தேவைக்கு மேல் விட்டால் மஞ்சளாகி, கண்ணாடிபோல் நொறுங்கும். வளைந்த பிரிண்டைச் சுடுதண்ணீரில் நிமிர்த்துவதும் வார்ப்புபோல் எளிதல்ல. மெல்லிய துண்டுகள் ஓரளவு வளையும், தடித்தவை ஒடிந்துவிடும்.

அடுக்குக் கோடுகள் 0.05 மி.மீ. உயரம்தான். செங்குத்துச் சுவரில் கண்ணுக்கே தெரியாது. சரிவு குறைந்த தட்டு வடிவக் கலத்திலோ வட்டம் வட்டமாக எழுந்து தெரியும். அதைத் தேய்த்தால் 0.2 மி.மீ. பேனல் கோடு மறைந்துவிடும். தட்டையான கலத்துக்கு வார்ப்பை முன்வைக்க இதுவே காரணம். 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் போட்ட பிரிண்டில் வளையங்கள் குறையும், ஆனால் அடிப்பக்கம் சப்போர்ட் (பிரிண்டாகும்போது துண்டைத் தாங்கும் குச்சிகள்) விட்ட தழும்புகள் கூடும். அவற்றைத் தேய்க்கும் வேலை வேறு.

இன்னொன்று. கோவையில் நகைப் பட்டறைகளுக்கு வேலை செய்யும் பிரிண்டர்கள் உண்டு. அவர்களிடம் கொடுத்தால் மெழுகுபோல் எரிந்து போகும் காஸ்டிங் ரெசினில் போட்டுவிடக் கூடாது. அது மாடலுக்கு உதவாது, நகத்தால் கீறினாலே பெயரும். எளிதில் உடையாத ‘ஏபிஎஸ் போன்ற ரெசின்’ என்று கேட்டு வாங்குங்கள்.

எடையும் விளக்கும்

400 கன செ.மீ. கனமுள்ள திடமான வார்ப்பு உடல் சுமார் 440 கிராம் இருக்கும். அதே வடிவம், 2.5 மி.மீ. சுவரோடு பிரிண்டானால் 200 கிராம் அளவுக்குத்தான் வரும். ஆகவே வார்ப்புக் கலத்தை ஸ்டாண்டில் நிறுத்தும் தாங்கு கம்பி 6 மி.மீ. எஃகாக, உடலுக்குள் 25 மி.மீ. ஆழமாவது இறங்க வேண்டும். ஓட்டை போடும் இடத்தைத் தோராயமாகக் குறிக்காதீர்கள். ஸ்கேலின் விளிம்பில் கலத்தை நிறுத்தி, சமநிலை வரும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திடமான உடலுக்குள் வயர் கொண்டுபோக நீண்ட டிரில் பிட்டால் துளைத்துப் போக வேண்டும். ஜன்னல் வரிசைக்கு 0.5 மி.மீ. ஒளி இழை செருக நினைத்தால் அது பெரும்பாடு. உள்ளீடற்ற பிரிண்டில் அரை நாளில் முடியும். இரண்டிலுமே ரெசின் சுவர் ஒளியைக் கடத்தும், எல்இடி போட்டால் கலமே மங்கலாக ஒளிரும். விளக்கு படும் உட்புறத்தை முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளி நிறம் என்று மூடுங்கள்.

ஒட்டு, பட்டி, பிரைமர்

பிளாஸ்டிக் கிட்டுக்கான சிமெண்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது. ரெசினில் அதற்கு வேலையே இல்லை. ஃபெவிக்விக் சிறு துண்டுகளுக்குப் போதும். ஆனால் அது காற்றின் ஈரத்தில் இறுகுவது. ஐப்பசி மழையில் வேகமாகப் பிடித்து, சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சைபோல் படியும். விதானக் கண்ணாடிக்கு (காக்பிட்டின் மேல்மூடி) அதைத் தொடாதீர்கள். உடற்பகுதி இரண்டையும் சேர்க்க மெதுவாக இறுகும் அரால்டைட்தான். நேர்செய்ய நேரம் கிடைக்கும், ஓர் இரவு அசையாமல் விட்டால் போதும். இறக்கை, எஞ்சின் போன்ற எடை தாங்கும் இணைப்புக்கு ஒட்டு மட்டும் போதாது. 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி, இரு பக்கமும் 8 முதல் 10 மி.மீ. ஆழம், ஓட்டை 1.6 மி.மீ. எதிர் ஓட்டையின் இடம் தெரிய, முதல் ஓட்டையின் விளிம்பில் ஈரப் பெயின்ட் தொட்டு, துண்டைப் பொருத்தி எடுத்தால் அடையாளம் விழும். இதற்கான சிறு டிரில் பிட், கை டிரில், ஊசி அரம் எல்லாம் கோவை டவுன்ஹால் ராஜ வீதிப் பக்கம் பொற்கொல்லர் கருவி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

குமிழி ஓட்டையை அப்படியே அடைத்தால் பட்டி மேலே பாலம் கட்டி நிற்கும், தேய்க்கும்போது குழி திரும்பத் திறக்கும். முதலில் டிரில் முனையால் விரித்து, பிறகு ஃபெவிக்விக்கோடு சமையல் சோடா. அரை மணிக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் அது ரெசினைவிடக் கெட்டியாகி, பக்கத்து இடம் பள்ளமாகும். கார் டிங்கரிங் கடைப் பாலியஸ்டர் பட்டி பெரிய இடைவெளிக்கு நல்லது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி சுருங்கும், கீறலுக்கு மட்டும். எம்-சீல் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்துக்கு.

தேய்ப்பதெல்லாம் தண்ணீர் தொட்டு, 320 தொடங்கி 600 வாட்டர் பேப்பர் வரை. உலர்வாகத் தேய்க்க வேண்டி வந்தால் என்95 முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். தேய்த்ததும் மறுபடி கழுவுங்கள்.

பிரைமரில் டப்பா லாக்கர் பிரைமரே இரண்டுக்கும் பொருந்தும், மெல்லிய மூன்று பூச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் 2கே பிரைமர் இன்னும் உறுதியானது. ஆனால் அதில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருப்பதால் வீட்டில் அடிக்கக் கூடாது, கார் பெயின்ட் பூத்தில் கொடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மொட்டை மாடியில் ஸ்பிரே செய்தால், பெயின்ட் வழியிலேயே காய்ந்து மணல்போல் விழும், தூசியும் சேரும். மழை நாளில் லாக்கர் வெளுக்கும். 24 மணி நேரம் கழித்து ஒரு மூலையில் மாஸ்கிங் டேப் அழுத்தி உரித்துப் பாருங்கள். பிரைமர் பெயர்ந்தால் அங்கே கழுவல் போதவில்லை.

வார்ப்பு உடலுக்குப் பிரிண்ட் எஞ்சினையும் ஆன்டெனாத் தட்டுகளையும் சேர்த்துக் கட்டுவதே பலருக்கும் சரியாக வரும். வழுவழுப்பான தட்டைப் பரப்புக்கு வார்ப்பு, நுணுக்கமான குழாய்களுக்குப் பிரிண்ட். அப்படிக் கட்டும்போது இணைப்பைப் பேனல் கோட்டின் மேலேயே வையுங்கள். பிரிண்ட் ரெசின் கெட்டி, வார்ப்பு இளக்கம். திறந்த பரப்பில் இணைத்து ஒரே வாட்டர் பேப்பரால் தேய்த்தால், வார்ப்புப் பக்கம் மட்டும் இறங்கிப் பள்ளமாகும்.